நடுவில் வரும் ‘புரோ’ யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் கருவிகளில், ஒன்று வந்த சில ஆண்டுகளில், அடுத்த தலைமுறை வரும் முன்பே பாதி வழியில் வரும் மேம்பட்ட ‘புரோ’ வகைகளுக்காக வாடிக்கையாளர்கள் தவம் கிடப்பதாக உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். செல்லூரில் பத்து ஆண்டுகளாக கேம் சென்டர் நடத்துகிறேன். தவம் கிடந்தவர் ஒருவரையும் இதுவரை நான் பார்த்ததில்லை.

என் கடை முன்பு தறிக்கொட்டகையாக இருந்தது. நான்கு கேம் பெட்டிகள், நான்கு 32 அங்குல டிவிகள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. 2018-இல் சீட்டுப் பணத்தை எடுத்து, ஏறக்குறைய 40,000 ரூபாய்க்கு பிளேஸ்டேஷன் 4 புரோ ஒன்றை வாங்கி வைத்தேன். அட்டையில் ‘புரோ’ என்று எழுதி ஒட்டி, மணிக்கு 10 ரூபாய் கூட்டினேன். முதல் வாரம் வரிசையில் நின்றார்கள். மூன்றாம் வாரம் எல்லாரும் பழைய பெட்டிக்கே திரும்பிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை, அந்த அட்டையைப் பிய்த்துச் சாதாரணப் பெட்டியில் ஒட்டிவிட்டேன். இரவு கடை அடைக்கும்வரை ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. “இதில் பந்து தனியாகத் தெரிகிறது அண்ணே” என்று ஒருவன் மெச்சிக்கொண்டான். (அன்று யாரிடமும் கூடுதல் 10 ரூபாய் வாங்கவில்லை. அந்த அளவுக்கு நியாயம் உண்டு.)

கல்லூரி மாணவர் ஒருவர் மட்டும் என் டிவியைப் பார்த்துச் சிரித்தார். அவர் வீட்டில் 55 அங்குல 4கே டிவி, அதாவது புரோவின் கூடுதல் கூர்மையை முழுதாகக் காட்டும் டிவி, இருக்கிறது. அதில் புரோவை மாட்டி மகிழ்ச்சியாக விளையாடுகிறார். அவருக்கு அது நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் என்றால் அவர் ஒருவர்தானா?

நடுவழி மாற்றம் என்பதற்கு முன்பெல்லாம் விலை குறைவது என்று அர்த்தம். பிளேஸ்டேஷன் 3, 2006-இல் அமெரிக்காவில் 599 டாலர் வரை விற்றது. 2009-இல் ஒல்லியான வடிவில் வந்தபோது 299 டாலர்தான். காத்திருந்தவர்களுக்குக் கை மேல் பலன் கிடைத்தது. 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 புரோ வந்தபோதோ அதன் விலை அங்கே 699.99 டாலர், நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த முதல் வடிவத்தைவிட 200 டாலர் அதிகம். அன்றைய மதிப்பில், வரி சேர்க்காமலே 59,000 ரூபாயைத் தொடும். வெளியானபோது அது இந்தியாவுக்கே வரவில்லை. அதிலுள்ள வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லை.

பையன்கள் அதற்காக வருத்தப்பட்டார்களா? இல்லை. அவர்கள் கேட்டதெல்லாம் டிஸ்க்கைப் பற்றித்தான். இந்தப் புதிய புரோவில் விளையாட்டு டிஸ்க் போடும் பகுதி கிடையாது. வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்ட வேண்டும். இங்கே ஒரு டிஸ்க் எப்படி ஊர் சுற்றுகிறது என்று அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாது. மூன்று பேர் காசு போட்டு ஒன்று வாங்குவார்கள். ஆளுக்கு ஒரு வாரம் வீட்டில் வைத்திருப்பார்கள். முடித்ததும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து அடுத்ததை வாங்குவார்கள். என் கடையிலேயே பெயிண்ட் பேனாவால் நான்கு பேரின் இனிஷியல் எழுதிய டிஸ்க் ஒன்று கிடக்கிறது. பதிவிறக்கிய விளையாட்டை யாருக்கு விற்பது, யாரிடம் மாற்றிக்கொள்வது?

படத்தின் கூர்மைக்கும் ஓட்டத்தின் வேகத்துக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், விளையாடுகிறவர்கள் நான்கில் மூன்று பங்கு நேரம் வேகத்தைத்தான் எடுக்கிறார்கள் என்று பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனியின் சார்பில் இந்தப் புரோவை அறிமுகம் செய்த மார்க் செர்னியே சொன்னார். இரண்டையும் ஒன்றாகத் தரவே புரோ என்பது அவருடைய வாதம். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. கூர்மையை விட்டுக்கொடுத்துப் பழகியவர்கள் அதற்காகவே இன்னொரு பெட்டி வாங்குவார்களா?

அந்த அட்டையின் மறுபக்கத்தில் இப்போது ‘ஃபேன் சீட்’ என்று எழுதி, காற்று நேராக விழும் நாற்காலிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அதற்கும் மணிக்கு 10 ரூபாய் கூடுதல். சித்திரை வெயிலில் அதற்கு முன்பதிவே நடக்கிறது.

இப்படிக்கு,
கேம் சென்டர் உரிமையாளர்,
செல்லூர், மதுரை.