நோவா ஹூத்தாவைச் சுற்றிக் காட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

போலந்தின் கிராக்கோவ் நகரத்துச் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு வணக்கம்.

எஃகு ஆலைத் தொழிலாளிகளுக்காகக் கம்யூனிச அரசு கட்டிய உங்கள் நோவா ஹூத்தாவை, போன செப்டம்பரில் உங்களில் ஒருவரோடு சுற்றிப் பார்த்தேன். கம்யூனிசக் காலத்துச் சுற்றுலா என்று பெயர். பழைய டிராபண்ட் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று பார்த்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு குடியிருப்பின் உள்முற்றம். நடுவில் கம்பளம் தட்டுவதற்காக நட்டிருக்கும் இரும்புச் சட்டம். நீங்கள் ‘த்ஷெபாக்’ என்பீர்களே, அதுதான். ஒரு பாட்டி தன் வீட்டுக் கம்பளத்தை அதில் தொங்கவிட்டுப் பிரம்பால் தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டம் போய் நின்றதும் ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். வழிகாட்டி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பாட்டி ஒன்றும் பேசவில்லை. கம்பளத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாதிதான் தட்டியிருந்தார்.

எனக்கு அங்கே நிற்கவே கூசியது. நான் நெய்வேலியில் வளர்ந்தவன். அதுவும் சுரங்கத்துக்கும் ஆலைக்குமாகவே கட்டிய ஊர்தான். எண் போட்ட வட்டங்கள், ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ், நேர்நேரான தெருக்கள், இருபுறமும் மரங்கள். அங்கே முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு வந்தது. நோவா ஹூத்தாவில் இறங்கியதுமே ஏதோ தெரிந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. எங்கள் தெருவுக்குள் ஒரு கூட்டம் வந்து, அம்மா வடகம் காயப்போடுவதைப் பார்த்துச் சிரித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அந்த முற்றத்தில் நின்றபடி யோசித்தேன்.

முதலில் அந்த டிராபண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கிழக்கு ஜெர்மனியில் செய்த கார். நோவா ஹூத்தாவின் எஃகு ஆலைக்கு ஒரு காலத்தில் கிட்டத்தட்ட 40,000 பேர் வேலைக்குப் போனார்கள். அவர்களை ஏற்றிச் சென்றது டிராம். அந்த டிராம் இன்றும் நகரத்திலிருந்து மத்தியச் சதுக்கத்துக்கு ஓடுகிறது. அதிலேயே எங்களைக் கூட்டிக்கொண்டு போகலாமே.

லெனின் சிலையின் கதையை நன்றாகவே சொன்னீர்கள். 1973இல் ரோஜா நிழற்சாலையில் வைத்தது, 1979இல் குண்டு வெடித்துக் கால் சேதமானது, 1989 டிசம்பரில் இறக்கியது, கடைசியில் சுவீடனில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. சரி, கேட்க சுவையான கதைதான். ஆனால் சிலைக்குக் கால் மணி நேரம் கொடுத்த நீங்கள் சிலுவைக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லையே?

இந்த நகரத்தைக் கோயில் இல்லாத நகரமாகத் திட்டமிட்டார்கள். பிறகு அனுமதி கிடைத்து, தேவாலயம் வரப்போகிறது என்று மக்கள் சிலுவை நட்டார்கள். அந்த அனுமதியைத் திரும்பப் பெற்று, அங்கே பள்ளிக்கூடம் கட்டப்போவதாக அரசு சொன்னது. 1960 ஏப்ரல் 27 அன்று சிலுவையைப் பிடுங்க ஆள் வந்தபோது முதலில் மறித்து நின்றவர்கள் பெண்கள். ஆலையிலிருந்து ஆண்கள் வந்து சேர்ந்துகொள்ள, போலீசோடு மோதல் ராத்திரி வரை நீடித்தது. தொழிலாளிகளுக்காக என்று சொல்லிக் கட்டிய நகரத்தில் அரசை எதிர்த்து நின்றவர்கள் அந்தத் தொழிலாளிகளே. இதைச் சொல்லாமல் நோவா ஹூத்தாவை எப்படிக் காட்ட முடியும்?

பிறகு பெருமளவு மக்களே கைவேலை செய்து, 1967 முதல் 1977 வரை பத்து வருடத்தில், பியென்சீத்ஸே பகுதியில் ‘ஆண்டவரின் பேழை’ தேவாலயத்தைக் கட்டினார்கள். அதன் சுவரெல்லாம் ஆற்றுக் கூழாங்கல். அதை அர்ச்சித்த கர்தினால் கரோல் வோய்திவா மறுவருடமே போப் இரண்டாம் ஜான் பாலாக ஆனார். அதே தேவாலயத்தின் பக்கத்தில்தான் 1982 அக்டோபர் 13 அன்று பொக்தான் வுவோசிக் என்ற இருபது வயதுப் பையனைப் பாதுகாப்புத் துறை ஆள் ஒருவன் சுட்டுக் கொன்றான். அந்தப் பையனுடைய நினைவுச்சின்னத்தைக் கார் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். வேகம்கூடக் குறையவில்லை.

ஆலைக்கும் நகரத்துக்கும் நிலத்தைக் கொடுத்த மொகிவா கிராமத்து விவசாயிகளைப் பற்றியும் சொல்லுங்கள். நல்ல கரிசல் பூமியாம் அது. இன்னொரு பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். 1949இல் வேலை தொடங்கியபோது ஏழைக் கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்கள் பலருக்கு, குழாயில் தண்ணீர் வரும் வீடு கிடைத்ததே இங்கேதான். அந்தச் சந்தோஷமும் உண்மை, அந்தக் கோபமும் உண்மை. இரண்டையும் ஒரே ஆளின் வாயால் கேட்க முடிகிற ஊர் உங்களுடையது.

மறுநாள் தனியாக டிராம் ஏறிப் போனேன். பேழைத் தேவாலயத்துக்கு வெளியே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்தது நாலைந்து ஆங்கில வார்த்தை, எனக்குப் போலிஷ் தெரியாது. சுவரைக் காட்டினார், தன் இரண்டு கைகளைக் காட்டினார், வாளி தூக்குவதுபோல் நடித்துக் காட்டினார். அரை மணி நேரம் இப்படியே பேசினோம். முந்தின நாள் நான்கு மணி நேரச் சுற்றுலாவில் கிடைக்காதது அதில் கிடைத்தது.

அவரைப் போன்றவர்களைப் பேசச் சொல்லுங்கள். அவர்கள் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள், அதற்காகக் கட்டணம் கூடினாலும் பரவாயில்லை. கூட்டத்தைச் சின்னதாக வையுங்கள். முற்றத்துக்குள் நுழைய வேண்டுமானால் அங்கே குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள்.

அடுத்த வருடம் மனைவியைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் வரப்போகிறேன். சிலுவை நட்ட இடத்தில் நிறுத்தி, அந்த ஏப்ரல் மாதக் கதையை நிதானமாகச் சொல்லக்கூடியவர் உங்களில் யாரோ, அவரிடம்தான் டிக்கெட் வாங்குவோம்.

அன்புடன்,
நெய்வேலியிலிருந்து வந்த ஒரு பயணி