பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

கர்த்தருக்குள் வாழ்த்துதல். இங்கே அப்பா, ஆச்சி, நான் எல்லோரும் தேவகிருபையால் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். காகிதத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது.

வீட்டுச் செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. அப்பாவுக்கு முட்டு வலி அப்படியேதான். கோயில் அசன விருந்துக்கு நீ வரவில்லை என்று ஆச்சிக்கு வருத்தம். பாடகர் குழுவில் நீ நிற்கும் இடத்தில் இப்போது நம் சபைப் போதகர் ஐயர் மகள் நிற்கிறாள். நல்ல சத்தம்தான், உன் சத்தம் வராது. சரி, அது கிடக்கட்டும்.

எழுத வந்தது வேறு. போன வாரம் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் லெந்து கூட்டம், ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களில் வைப்பார்களே அது. வெளியூரிலிருந்து ஒருவர் பேச வந்திருந்தார். மனச்சோர்வு என்பது விசுவாசக் குறைவு, முழங்காலில் நிற்கிறவளுக்கு கவுன்சலிங் எதற்கு, அதெல்லாம் உலகத்தாருக்கு என்றார். எனக்கு முன்வரிசையில் தெருக் கடைசி வீட்டு அக்கா இருந்தார்கள். மாதாமாதம் மகனைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கி வருகிறவர்கள். அவர்கள் பைபிளை மூடி மடியில் வைத்துக்கொண்டு அதன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் நான் ஐயரம்மாவிடம் போய், அடுத்த கூட்டத்தில் நான் பேசுகிறேன் என்று கேட்டுவிட்டேன். நர்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றாலும் இந்த வாய் ஓய்வு பெறவில்லை. என்ன பேசப்போகிறேன் என்பதை முதலில் உனக்கு எழுதுகிறேன்.

அன்னாளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சின்ன வயசில் நீ விடுமுறை வேதாகமப் பள்ளி நாடகத்தில் அன்னாளாக நடித்தாயே, சாமுவேலின் தாய், அந்த அன்னாள். பிள்ளை இல்லை என்று சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள். எல்க்கானா நல்ல புருஷன்தான். ஆனால் ஏன் அழுகிறாய், ஏன் சாப்பிடவில்லை, ஏன் சஞ்சலப்படுகிறாய், பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் அல்லவா என்று அடுக்கடுக்காகக் கேட்கிறான். ஒரு கேள்விக்கும் பதில் வரும்வரை அவன் காத்திருந்ததாக இல்லை. அப்புறம் அவள் சீலோவில் இருந்த ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபிக்கிறாள். ஏலி ஆசாரியன் பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்கிறான். தேவாலயத்தில் இருந்த ஆசாரியனே தப்பாகக் கணித்துவிட்டான், பார். அவள் பயப்படாமல், இல்லை ஆண்டவனே, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ என்று சொல்கிறாள். அந்த இடத்தில் ஏலி வாயை மூடிக்கொண்டு கேட்டான். சமாதானத்தோடே போ என்றான். அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள், துக்கமுகம் மாறிவிட்டது. சாமுவேல் இன்னும் பிறக்கவில்லை. பிறப்பானா என்றும் தெரியாது. மனசில் இருந்ததை இறக்கிவைக்க ஒரு ஆள் கிடைத்தவுடனேயே அவளுக்குப் பசி வந்துவிட்டது. கவுன்சலிங் வேதத்துக்கு விரோதம் என்கிறவர்கள் இந்த அதிகாரத்தை எப்படி வாசிக்கிறார்களோ தெரியவில்லை.

நம் டோனாவூரையே எடுத்துக்கொள். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-இல் கீழே விழுந்தார்கள். 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலும் படுக்கையிலுமாகவே இருந்தார்கள். அவர்களுக்காக எத்தனை பிள்ளைகள் ஜெபித்திருப்பார்கள்! எழும்பவில்லை என்பதற்காக அவர்களுக்கு விசுவாசம் போதாது என்று நம் பக்கத்தில் ஒருவர் வாய் திறப்பாரா? முதுகு வலிக்கு ஒரு நியாயம், மனசு வலிக்கு இன்னொரு நியாயமா? ஞாயிற்றுக்கிழமைதோறும் சபையாக முழங்காலிட்டுப் பாவ அறிக்கை சொல்கிறோம். சோர்வு பாவம் இல்லை. அதில் அறிக்கை செய்ய ஒன்றும் இல்லை.

வேலூரில் படிக்கும்போது எனக்குப் பாகாயம் மனநல மருத்துவமனையில் போஸ்டிங் போட்டார்கள். சிஎம்சி மிஷன் ஆஸ்பத்திரிதானே, காலையில் ஜெபமும் உண்டு, டாக்டர் ரவுண்ட்ஸும் உண்டு. அங்கே நோயாளியைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது, வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். தாயும் தகப்பனும் அங்கேயே சமைத்து, அங்கேயே துவைத்துப் போட்டு இருப்பார்கள். உன் வயதுப் பெண் ஒருத்திக்கு அவள் அம்மா தினமும் தலை வாரிப் பின்னிவிடுவார்கள். அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அம்மாவும் பேசச் சொல்ல மாட்டார்கள். பின்னி முடித்து ரிப்பன் கட்டிவிட்டு எழுந்து போவார்கள். ஒரு நாள் அவளாகவே ரிப்பனை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். ஊசி போடவும் சார்ட் எழுதவும் எத்தனையோ இடத்தில் கற்றேன், இதை அங்கேதான் பார்த்தேன்.

அதே வேலூரில் கிறிஸ்தவ ஆலோசனை மையம் என்று ஒன்று பல வருஷமாக நடக்கிறது. கவுன்சலிங்கை முறையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆகவே இது நமக்கு அந்நியமான காரியம் இல்லை.

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லுவேன். யாராவது கவுன்சலரைத் தேடினால் இதையும் சொல்லுவேன்: எங்கே படித்தீர்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம். வாய் திறக்குமுன் வசனத்தை எடுத்து நீட்டுகிறவரிடம் போக வேண்டாம், உன் ஜெபத்தைக் கேலி செய்கிறவரிடமும் போக வேண்டாம். சொன்னதைச் சபையில் ஜெபக் குறிப்பாக வாசித்துவிடுகிற ஆள் கவுன்சலரே இல்லை. மாத்திரை எழுதுவது கவுன்சலர் வேலை இல்லை, அதற்கு மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். மாத்திரை போட்ட மறுநாளே தெளிவு வராது, சில வாரம் ஆகும். நன்றாகிவிட்டதே என்று தானாக நிறுத்தவும் கூடாது. விசுவாசம் இருந்தால் மாத்திரையைத் தூக்கி எறி என்று யாராவது சொன்னால், அவர் கையில் பைபிள் இருந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும். ராத்திரியில் யாரும் கிடைக்கவில்லை என்றால் 14416 இருக்கிறது, அரசாங்கத்தின் மனநல உதவி போன், டெலி மானஸ். காசு இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நீ இருக்கும் சென்னையிலேயே தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா 1986-இலிருந்து இருக்கிறது. இதெல்லாம் பொதுவாகச் சொல்கிறேன்.

பொதுவாகத்தான் சொல்கிறேன் பாப்பா. ஆனாலும் கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை நீ கட்டிலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். சேலைக் கொசுவம் எடுத்துக் கையில் பிடித்திருந்தாய், சொருகவில்லை. முதல் மணி அடித்தது, இரண்டாம் மணியும் அடித்தது, கொசுவம் கையிலேயே இருந்தது. எத்தனை வார்டு பார்த்தவள் நான். ராத்திரி மூன்று மணிக்கு அடுக்களையில் வெளிச்சம் எரிந்ததும் எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை.

என்னிடம் நீ எதையும் சொல்ல வேண்டாம். நான் எல்க்கானா மாதிரி அடுக்கடுக்காகக் கேட்கப்போவதில்லை. என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடமோ சொன்னால் எனக்குக் கொஞ்சம் வலிக்கும், பெற்றவள் அல்லவா. வலித்தால் வலிக்கட்டும், நீ யாரிடமாவது சொல். உனக்குப் பதினான்கு வயசில் திடப்படுத்தல் வகுப்பில் ஐயரையே எதிர்த்துக் கேள்வி கேட்ட பிள்ளை நீ, ஊரே பேசியது. அந்தப் பிள்ளைக்கு இப்போது அம்மாவிடம் போனில் நின்று பேச முடியவில்லை என்றால் எப்படி?

தைராய்டு பார்த்தாயா? எனக்கும் பெரிய அத்தைக்கும் இருப்பது உனக்குத் தெரியும். அது குறைந்தாலும் ஆளைச் சோர்த்துப் போடும், எதிலும் மனம் பற்றாது. ரத்தத்தில் ஒரு டி.எஸ்.எச். டெஸ்ட் பார்த்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு. ஜெபத்தை விடாதே. வார்த்தை வரவில்லை என்றால் சும்மா உட்கார், அதுவும் அவருக்குக் கேட்கும்.

தம்பி வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறான். உடன்குடிக் கருப்பட்டியும் ஆச்சி போட்ட நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். உன்னிடம் எதையும் கேட்கச் சொல்லி அவனை அனுப்பவில்லை. அவனைச் சாப்பிடாமல் அனுப்பாதே, நீயும் கூட உட்கார்ந்து சாப்பிடு. உன் ரூமில் ஒரு ஆள் கூடத் தங்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கும் ஆச்சிக்கும் சித்தி சமைத்துப் போடுவாள், பேசிவிட்டேன். நீ "வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உன் அம்மா

பி.கு.: டி.எஸ்.எச். மறந்துவிடாதே. ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு.