‘மமதை’ என்று தட்டச் சொல்

அன்புள்ள மகளுக்கு,

தமிழாசிரியர்களுக்குத் தொழில்நுட்பப் பயிலரங்கு நடத்தக் கிளம்புகிறாய். பெட்டி கட்டுமுன் இதைப் படித்துவிடு, கண்ணு.

போகிற இடத்தில் இணையம் இல்லை என்றே வைத்துக்கொள். 30 பேர் வந்தால் மடிக்கணினியும் கைப்பேசியுமாக 60 கருவிகள் ஒரே நேரத்தில் வைஃபையில் ஏறும், எல்லாம் திணறும். உன் ஹாட்ஸ்பாட் பத்துக் கருவிகளைத் தாங்கினாலே பெரிது. பாடக்கோப்பு, ஒலிக்கோப்பு, எழுத்துரு மூன்றையும் இரண்டு பென்டிரைவில் எடுத்துப் போ. ஸ்லைடுகளை எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஆகவும் வை. வேற்றுக் கணினியில் தமிழ் கட்டம் கட்டமாக உடையாது. விமானம் என்றால் பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

முந்தின நாள் மாலையே அரங்குக்குப் போய்விடு. எச்டிஎம்ஐ வயரைச் செருகியதும் கணினி பெரும்பாலும் ஒலியையும் புரொஜெக்டருக்கே அனுப்பிவிடும். கேட்டல் பயிற்சியில் படம் ஓடும், சத்தம் வராது. ஒலி அமைப்பில் வெளியீட்டை ஸ்பீக்கருக்கு மாற்று. கடைசி வரிசையில் உட்கார்ந்து, மெய்யெழுத்தின் புள்ளி கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார். தெரியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்கு.

தட்டச்சுக்குத்தான் நிறைய நேரம் ஒதுக்கச் சொல்வேன். 1999-ல் வந்த தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு, ‘அம்மா’ வந்துவிடும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அடுத்து ‘மமதை’ தட்டச் சொல். எல்லோருக்கும் ‘ம்மதை’ என்று வரும். முதல் ம-வுக்குப் பின் அ-வைத் தட்டினால் சரியாகும் என்று அப்போது காட்டு. தவறு கண்முன் விழுந்த பிறகு விதி மறக்காது.

பழைய தட்டச்சுப்பொறியில் பழகியவர்கள் ‘கெ’ எழுதக் கொம்பை முதலில் தேடுவார்கள். இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான ஒருங்குறியில் (யூனிகோட்) க முதலில், எ பின்னால். இன்னொன்று, ‘கௌரவம்’. பலர் கெ-வும் ள-வும் சேர்த்துத் தட்டுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். தேடினால் கிடைக்காது, கணினியை வாசிக்கவிட்டால் ‘கெள’ என்றே படிக்கும். க, ஔ என்று தட்டவேண்டும்.

யாராவது பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாளோடு வருவார்கள். எழுத்துருவை மாற்றினால் அது ஆங்கிலக் கிறுக்கலாகும், ஏனென்றால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துரு அது. அதை ஒருங்குறிக்கு மாற்றித் தரும், இணையமில்லாமல் ஓடும் மென்பொருள் ஒன்று உன் பென்டிரைவில் இருக்கட்டும். மாற்றியபின் எண்களையும் நிறுத்தக்குறிகளையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

மின்னஞ்சல் கணக்கு, கடவுச்சொல் வேலையெல்லாம் ஒரு வாரம் முன்பே கடிதம் போட்டு முடிக்கச் சொல்.

90 நிமிட அமர்வில் நீ பேசுவது 20 நிமிடம் போதும். மிச்ச நேரம் அவர்கள் கையில். யாருடைய மௌசையும் நீ வாங்காதே. விரலால் திரையைக் காட்டு, அவர்களே சொடுக்கட்டும். மறுநாள் வகுப்பில் நடத்தப்போகும் பாடத்தையே கொண்டுவரச் சொல்லியிரு. அது முடிந்து, அவரவர் பென்டிரைவில் ஏறிய பிறகே கணினிகளை அணைக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா