‘ஓகே’ போர்க்களத்தில் பிறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் துணுக்குப் பகுதியில், ‘ஓகே’ என்ற சொல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிறந்ததாகப் போட்டிருந்தீர்கள். சண்டை முடிந்து முகாமுக்குத் திரும்பும் படை, அன்று யாரும் சாகவில்லை என்றால் ‘ஜீரோ கில்டு’ என்று பலகையில் எழுதுமாம். அந்தப் பூஜ்யம்தான் ‘ஓ’ ஆயிற்றாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆங்கில வகுப்பில் நானும் இதே கதையைத்தான் சொல்லிவந்தேன். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, “அந்தப் போர் எந்த வருஷம் ஆரம்பிச்சுது சார்?” என்றாள். 1861 என்றேன். அவள் மடியில் இருந்த அகராதியோ அந்தச் சொல்லுக்கு 1839 என்று காட்டியது. வகுப்பு சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில், பிராவிடன்ஸ் நகரத்துப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரைச் சீண்டி ஒரு குறிப்பு வந்தது. அதில் போகிறபோக்கில் ‘ஓ.கே.’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘ஆல் கரெக்ட்’ என்று பொருளும் கொடுத்திருந்தார்கள். ‘ஆல்’ தொடங்குவது ‘ஏ’யில், ‘கரெக்ட்’ தொடங்குவது ‘சி’யில். வேண்டுமென்றே இரண்டையும் தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டி, அந்தத் தப்பிலிருந்து முதலெழுத்துகளை எடுத்திருந்தார்கள். ‘எல்லாம் சரி’ என்று சொல்லவந்த இரண்டு எழுத்துமே பிழை! அதுதான் அங்கே ஜோக்.

அப்போது பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு இது ஒரு பித்தாகவே இருந்தது. ‘ஆல் ரைட்’டை ‘ஓ.டபிள்யூ.’ என்றார்கள், ‘நடக்காது’ என்று பொருள்படும் ‘நோ கோ’வை ‘கே.ஜி.’ என்றார்கள். கைப்பேசியில் பிள்ளைகள் சொற்களைக் கடித்துத் துப்புகிறார்கள் என்று நாம் அலுத்துக்கொள்கிறோமே, அதையே மீசை வைத்த ஆசிரியர்கள் அச்சில் செய்திருக்கிறார்கள். (உங்களைச் சொல்லவில்லை.)

மற்றவை மறைந்துபோக, ஓகே மட்டும் பிழைத்ததற்கு 1840 அதிபர் தேர்தல் பெரிய காரணம். மறுபடி போட்டியிட்ட மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹூக் ஊர்க்காரர். ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ என்று அவரைக் கொண்டாடிய ஆதரவாளர்கள் ‘ஓ.கே. கிளப்’ தொடங்கினார்கள். எதிரணி சும்மா இருக்குமா? அவருக்கு முன் அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டவே வராது, அவர்தான் ‘ஆல் கரெக்ட்’டை இப்படி எழுதியவர் என்று கிளப்பிவிட்டார்கள். வான் பியூரன் தோற்றார். சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது. அப்புறம் தந்திக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இவ்வளவையும் பழைய நாளிதழ்களைப் புரட்டி நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். அவருடைய கட்டுரைகள் 1963, 64-இல் வந்தன. அதற்கு முன் கிரேக்கத்திலிருந்து வந்தது, அமெரிக்கப் பழங்குடியான சோக்டா மக்களின் மொழியிலிருந்து வந்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அதிபர் உட்ரோ வில்சன் சோக்டா கதையை நம்பி, கடைசியில் ஒரு ‘எச்’ சேர்த்தே எழுதிவந்தார்.

பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஓகே என்றால் சரி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். “நாளைக்கு வரட்டுமா?” என்பதற்கு “ஓகே” என்றால் சரிதான். “படம் எப்படி?” என்பதற்கு “ஓகே” என்றால்? அங்கே ‘சரி’ பொருந்தாது, ‘பரவாயில்லை’தான் பொருந்தும், அதுவும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொல்கிற பரவாயில்லை. கீழே விழுந்தவரிடம் “ஓகேயா?” என்றால் ‘அடி ஒன்றும் படவில்லையே’ என்று பொருள். விண்ணப்பத்தை ‘ஓகே பண்ணினார்கள்’ என்றால் ஒப்புதல். பேச்சை முடித்து எழுந்திருக்கும்போது சொல்கிற “ஓகே...”வுக்கு ‘கிளம்பலாமா’ என்பதற்கு மேல் பொருளே கிடையாது. இதையே குறுஞ்செய்தியில் வெறும் ‘கே’ என்று அனுப்பிப் பாருங்கள், “என்ன கோபம்?” என்று கேட்பார்கள்.

அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போட்டால் போதும். அந்த மாணவிக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்