வைத்தது ஏழு, எடுத்தது ஐந்து

அன்புள்ள பங்காளிக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவுக்கு இவ்வளவு நாள் பதில் போடாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். கனடாவிலிருந்து வந்து இறங்கிய கையோடு தைப்பூசம் வந்துவிட்டது. அண்ணன் மகள் பால்குடம் எடுத்தாள், அவளோடு தண்ணீர்மலைவரை நடந்தேன், ஆறு வாரம் பனியில் கிடந்த உடம்பு பினாங்கு வெயிலைத் தாங்காமல் காய்ச்சலில் படுத்துவிட்டது. இப்போது சரியாகிவிட்டது. உன் முட்டி எப்படி இருக்கிறது? ஊசி போட்டுக்கொண்டதாகச் சொன்னாயே, மாடிப்படி ஏற முடிகிறதா?

இது வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன், நிதானமாகப் படி.

மகள் தாதியாக வேலை செய்யும் ஊர் கார்னர் புரூக். நியூஃபவுண்ட்லாந்து என்ற பெரிய தீவின் மேற்குப் பக்கம், ஒரு விரிகுடா, ஒரு காகித ஆலை, சுற்றிலும் மலையும் ஊசியிலை மரமும். நம்மைவிடப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மகள் வேலைக்குப் போனதும் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி, முயல் பிடிக்கக் கண்ணி வைக்கப் போகிறேன், சும்மாதானே இருக்கிறாய், வருகிறாயா என்று கேட்டார். எழுபத்தெட்டு வயது, காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணி என்று அவர் சொன்னதும் எனக்கு உன் முகம்தான் வந்தது.

அங்கே கண்ணி வைப்பது சட்டப்படியே நடக்கிற காரியம். உரிமம் எடுக்க வேண்டும், அதற்கென்று பருவம் உண்டு. அந்த முயலே தீவுக்குச் சொந்தமானது இல்லையாம். 1860களில் ஏழைச் சனங்களுக்குச் சாப்பாடு ஆகட்டும் என்று பெருநிலத்திலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அவர்கள் அதை ‘ராபிட்’ என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் வளை தோண்டும் சாதி இல்லை, புதருக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும் காட்டு முயல், குட்டி பிறக்கும்போதே உடம்பு முழுக்க முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். கோடையில் பழுப்பு நிறம், குளிர்காலத்தில் காது நுனிக் கறுப்பு மட்டும் மிஞ்ச மற்றதெல்லாம் வெள்ளை. பகல் குறையக் குறையத்தான் நிறம் மாறுகிறது, பனி விழுந்ததா இல்லையா என்று அந்த உடம்புக்குத் தெரியாது. அதனால் பனி தாமதமாகும் வருடங்களில் வெள்ளை முயல் பழுப்புத் தரையில் பளிச்சென்று தெரியும், நரிக்கு வேலை மிச்சம். இதைக் கேட்டபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதல் நாள் காலையில் காட்டுக்குள் போனோம். காலில் கட்டுகிற அந்த அகலப் பனிச்செருப்பு இல்லாவிட்டால் நான் தொடைவரை புதைந்திருப்பேன், முயலோ முடி அடர்ந்த பெரிய பின்னங்காலை விரித்துக்கொண்டு மேலாகவே ஓடிவிடுகிறது. அதன் தடத்தைப் படிக்க அவர் சொல்லிக் கொடுத்தார். முன்னால் தெரியும் பெரிய இரண்டு பள்ளம் பின்னங்கால், பின்னால் தெரியும் சின்ன இரண்டும் முன்னங்கால், ஏனென்றால் தாவும்போது பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டி விழுகிறது. நான் தலைகீழாகப் படித்து, முயல் போன திசைக்கு எதிர்த்திசையில் கையைக் காட்டினேன். அப்புறம் கிளைகளைக் காட்டினார். முயல் கடித்த குச்சி கத்தியால் சீவியது போல சாய்வாக இருக்கும். நம் ரப்பர்த் தோட்டத்துப் பால்மர வெட்டுச் சரிவு ஞாபகம் இருக்கிறதல்லவா, ஏறக்குறைய அந்தச் சாய்வு.

முயலுக்கென்று பாதை இருக்கிறது பங்காளி. ஒரே வழியில் போய்ப் போய் பனி இறுகி, ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் மாதிரி ஓடுகிறது. அந்தப் பாதை இரண்டு இளமரத்துக்கு நடுவிலோ சாய்ந்த கட்டைக்கு அடியிலோ நெருங்கும் இடத்தில்தான் கண்ணி. கம்பியில் முறுக்கிய வளையம்தான் அது, பத்து சென்டிமீட்டர் அகலம், அதன் அடிப்பாகம் பனியிலிருந்து நாலு விரல் உயரம். இரண்டு பக்கமும் குச்சி நட்டு வேலி மாதிரி அடைத்துவிடுவார். வளையத்துக்கு மேலே குறுக்காக ஒரு கம்பு, தாண்டிக் குதிக்காமல் தலையைக் குனிந்து வருவதற்கு. கீழே ஒரு சின்னக் குச்சி, நுழைந்து போகாமல் இருப்பதற்கு. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் முறுக்கினார், மைனஸ் 12இல். நான் ஒன்று முறுக்கி முடிப்பதற்குள் விரல் மரத்து, எது கம்பி எது விரல் என்று தெரியவில்லை.

பன்னிரண்டு வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் மேலே கண் உயரத்தில் ஆரஞ்சு நிற நாடா ஒன்றைக் கட்டினார், சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துப் பென்சிலால் எண் போட்டார். பேனா மை உறைந்துவிடுமாம். அந்த நோட்டைப் பார்த்தபோதே எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது, சொல்கிறேன்.

மறுநாள் ஒன்றுமில்லை. இரவு பெய்த பனியில் பாதிக் கண்ணி புதைந்து கிடந்தது, எல்லாவற்றையும் தோண்டி உயர்த்தி வைத்தோம். மூன்றாம் நாள் காலை இரண்டு முயல். விறைத்துக் கல்லாகக் கிடந்தன, ஒன்றின் கண் திறந்தபடி. கையில் எடுத்தால் ஒன்றரைக் கிலோகூட இருக்காது. நிலாவுக்குள் இருப்பதாக நம் பாட்டிமார் காட்டின முயலை நான் கையில் பிடித்திருப்பது போல இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். பெரியவரும் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி நின்றார், அவசரப்படுத்தவில்லை. அதற்கடுத்த கண்ணியை நரி முந்திக்கொண்டு போயிருந்தது, கொஞ்சம் வெள்ளை முடியும் தடமும்தான் மிச்சம்.

நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது ஒன்பதாம் கண்ணியைப் பற்றி. அது அறுந்து கிடந்தது. எனக்குக் கவலை, கம்பி மட்டம் போலிருக்கிறது என்றேன். அவர் மண்டி போட்டுப் பனியில் தெரிந்த தடங்களை ரொம்ப நேரம் பார்த்தார், ஜோடி ஜோடியாகப் போகும் சின்னப் பாதங்கள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மார்ட்டன், என்றார். நம் கீரிப்பிள்ளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, புசுபுசுவென்று வாலும் முடியும் வைத்துக்கொள், அதுதான். அந்தத் தீவின் மார்ட்டன் ஒரு காலத்தில் சில நூறு அளவுக்குக் குறைந்து போயிருக்கிறது. குறைந்ததற்கு ஒரு காரணம் முயலுக்கு வைத்த கண்ணியில் மாட்டிச் செத்தது. அதனால் மார்ட்டன் வாழும் பகுதிகளில் இன்ன கம்பிதான் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஒன்று 22ஆம் எண் பித்தளைக் கம்பி, மற்றது படம் மாட்டுகிற ஆறு இழைக் கம்பி. முயல் இழுத்தால் தாங்கும், மார்ட்டன் முறுக்கித் திருகினால் அறுந்துவிடும். அறுவதற்காகவே தேர்ந்தெடுத்த கம்பி அது. பெரியவர் அறுந்த துண்டைத் தேடி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, நோட்டில் எழுதிவிட்டு, புதுக் கம்பி முறுக்கினார்.

வீட்டுக்கு வந்து கையுறை போட்டுத்தான் உரித்தார், அந்த முயலிடமிருந்து தொற்றக்கூடிய ஒரு காய்ச்சல் உண்டு, ஈரலில் வெள்ளைப் புள்ளி இருந்தால் தொடவே கூடாது. தோல் மெல்லிசு, பனியன் கழற்றுவது போல வந்துவிடுகிறது. கொழுப்பே கிடையாது. முயல் கறி ஒன்றையே தின்று குளிர்காலத்தைத் தள்ளியவர்கள் வயிறு நிறைய நிறையத் தின்றும் நோயில் விழுந்திருக்கிறார்கள், அதனால்தான் அங்கே உப்புப் பன்றிக்கொழுப்பு சேர்த்து அவிக்கிறார்கள். எங்கள் பங்குக்கு வந்ததை மகள் நான் கொண்டுபோன மசாலாவில் மிளகு தூக்கலாகப் பெரட்டல் செய்தாள். பெரியவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தோம், மறுநாள் கிண்ணத்தோடு வந்து இன்னும் இருக்கிறதா என்றார்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லாக் கண்ணியையும் எடுத்துவிட்டோம். அவருக்குப் பேரன் வீட்டில் விசேஷம், ஒரு வாரம் போய்ப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத நாளில் கம்பி காட்டில் இருக்கக் கூடாது என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாடாவை அவிழ்த்து, நோட்டில் எண்ணை அடித்து, பன்னிரண்டாவது கைக்கு வரும்வரை இருட்டில் விளக்குப் பிடித்துத் தேடினோம். கடைசிக் கண்ணி பனிச்சரிவில் புதைந்து முக்கால் மணி நேரம் பிடித்தது. எனக்குக் காது எரிந்தது, ஆனாலும் போகலாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பங்காளி, 1971 ஞாபகம் இருக்கிறதா? நிபோங் திபால் பக்கம் நம் தோட்டம், லயத்துக்குப் பின்னால் மரவள்ளியைப் பன்றி தோண்டிப் போட்டதற்காக நீயும் நானும் சைக்கிள் பிரேக் கம்பியில் ஏழு சுருக்கு வைத்தோம். ஐந்து நாம் சேர்ந்து வைத்தது. இரண்டு நீ தனியாக ஆற்றங்கரைப் பக்கம் போய் வைத்துவிட்டு வந்தாய், காலையில் காட்டுகிறேன் என்றாய். அடுத்த நாள் உங்கள் அப்பாவுக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் என்று லோரி வந்து நின்றது. மூட்டை ஏற்றும் அவசரத்தில் நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் ஐந்தை எடுத்துவிட்டேன். மற்ற இரண்டையும் ஒரு மத்தியானம் தேடினேன், கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்து ஆற்றுப் பக்கமிருந்து நாற்றம் வந்தது. நான் போகவில்லை. பன்றியா, சருகுமானா, யாருடைய நாயா, எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் பயந்து அந்தப் பக்கம் மழைக்காலம் முழுக்கப் போகாமலே இருந்துவிட்டேன். இதை இத்தனை வருடத்தில் உன்னிடம் நான் சொன்னதில்லை. உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, பதின்மூன்று வயதுப் பையன் நீ, வீடே பெயர்ந்து போகிற நாள் அது. போகாமல் இருந்தவன் நான்.

அந்த வயதில் நமக்குக் கம்பி கனமாக இருக்க இருக்கப் பெருமை. இப்போது நம் நாட்டுக் காட்டில் கிடப்பதும் அதே மாதிரி எஃகுக் கம்பிதான். 2010 வனவிலங்குச் சட்டத்தில் சுருக்கு வைப்பதே குற்றம், இருந்தும் பெலும் காட்டுப் பக்கத்திலும் தாமான் நெகாரா தேசியப் பூங்காவிலும் வனத்துறைக்காரர்கள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மானுக்கு வைத்தாலும் பன்றிக்கு வைத்தாலும் அந்தக் கம்பி அறாது, யார் கால் வந்தாலும் பிடிக்கும், வைத்தவன் வராவிட்டாலும் காத்துக்கொண்டிருக்கும். தீபகற்பத்தில் புலி 150க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடத்திய கணக்கெடுப்பில் தெரிந்தது. பசிக்கு முயல் பிடிப்பவனையும் இந்த எஃகுக் கம்பி வைக்கிறவர்களையும் ஒன்றாகப் பேச என்னால் முடியாது. கண்ணி என்றாலே பாவம் என்று மகளின் சிநேகிதி ஒருத்தி அங்கே வாதாடினாள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்க்கிறவன், எண்ணி வைத்து எண்ணி எடுக்கிறவன், தப்பிப் போனதற்குச் சந்தோஷப்படுகிறவன் செய்வதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

சரி, ஒரு யோசனை. பகாங்கில் மெராப்போ பக்கம் சுங்கை யு என்று ஒரு இடம், தாமான் நெகாரா காட்டையும் நடுமலைத் தொடரையும் சேர்க்கும் இடுக்கு அது, மிருகங்கள் அடியில் கடந்து போவதற்காகவே சாலையைப் பாலமாகத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். புலிப் பாதுகாப்புக்காக உழைக்கும் மைகேட் அமைப்பு அங்கே சாதாரண ஆட்களைக் காட்டு நடைக்கு அழைத்துப் போயிருக்கிறது, கண்ணி கிடந்தால் கண்டுபிடித்துத் தெரிவிப்பதற்காக. அடுத்த நடை எப்போது என்று விசாரிக்கிறேன். நீயும் வருவாயா? நான் ஈடிஎஸ் ரயில் பிடித்துக் கோலாலம்பூர் வந்துவிடுகிறேன், உன் மகன் காரில் போகலாம். ஏப்ரல் முதல் வாரம் எனக்குக் கண் சோதனை இருக்கிறது, அதற்கப்புறம் எந்தச் சனிக்கிழமையும் எனக்குச் சரி. உன் முட்டி தாங்குமா என்று வைத்தியரைக் கேட்டுச் சொல், அவர் வேண்டாம் என்றால் நீ வண்டியோடு இரு, நான் நடக்கிறேன்.

அப்புறம், அந்த இரண்டையும் எங்கே வைத்தாய் என்று ஞாபகம் இருந்தால் எழுது. தோட்டம் போய் அங்கே இப்போது வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது, ஆறு மட்டும் அதே வளைவில்தான் ஓடுகிறது. அரச மரத்துக்கு மேல்பக்கமா, கீழ்பக்கமா?

உன் பங்காளி,
பட்டர்வொர்த்