கேட்டருகே பூத்த கற்றாழையும் உங்கள் வீட்டுக்கு வரும் கன்றும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆனைக் கற்றாழை பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூந்தண்டு மூன்று ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. இது நல்ல சகுனமா, கெட்ட சகுனமா என்று மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இரண்டும் இல்லை, செடிக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். வாழை ஒரு குலை தள்ளிவிட்டுச் சாவதைப் போல, இதுவும் பத்து முதல் முப்பது ஆண்டுகளுக்குள் ஒரே ஒரு முறை பூத்துவிட்டுக் காய்ந்துவிடும். வாழையைப் போலவே பக்கக் கன்றுகளையும் விட்டுச் செல்லும்.

அந்தக் கன்றுகளில் 23-ஐத் தோண்டி, வெட்டுக்காயம் ஆற ஐந்து நாள் நிழலில் போட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் தண்ணீர். போன வருடம் என் அறை வாசலில் இருந்த நான்கு கற்றாழைத் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். பாசத்தில் தினமும் முறை வைத்து ஊற்றினார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு இலையைப் பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகல் நாற்றம். தப்பு பிள்ளைகள்மேல் இல்லை, சொல்லிக் கொடுக்காத என்மேல்தான். மெக்சிகோவின் வறண்ட நிலத்துச் செடி இது. வெயில் நேரத்தில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து மூச்சுவிடும். அதனால் மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். செம்மண்ணோடு பாதிக்குப் பாதி ஆற்று மணலும் சிறு ஜல்லியும் கலந்து, அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் வையுங்கள். வெயில் படும் இடமாக இருக்கட்டும். தரையில் நட்டால் ஆறடி அகலத்துக்கு விரிந்து நடைபாதையை அடைத்துவிடும். இலை இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால், சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து துடைத்துவிடலாம்.

அடுத்தது முக்கியம். இது சோற்றுக் கற்றாழை இல்லை. தலைக்குத் தேய்க்கவும் முகத்தில் பூசவும் மோரில் அடிக்கவும் அதுதான் ஆகும், இது ஆகாது. இதன் சாற்றில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. பட்டால் தோல் தடித்து எரியும். இலையை உடைத்துக் கையில் தடவிப் பார்த்த ஒரு பையன் இரண்டு நாள் சொறிந்துகொண்டே இருந்தான். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணில் தெறித்தால் நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நுனி முள்ளை நகவெட்டியால் நாங்களே வெட்டித்தான் கொடுக்கிறோம். ஆனால் புதிய இலை புதிய முள்ளோடுதான் வரும். ஓரப் பற்களும் கீறும். தவழும் குழந்தை உள்ள வீடுகளுக்கு, முள்ளே இல்லாத இன்னொரு அகேவ் (ஆனைக் கற்றாழையின் இனம்) வகையில் ஆறு கன்றுகள் தனியாக வைத்திருக்கிறேன்.

குருத்து விரியும்போது ஒரு இலையின் முதுகைப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். பக்கத்து இலையின் பற்கள் அழுந்திய தடம் வரிசையாகத் தெரியும், மெழுகில் அச்சு எடுத்ததுபோல. அதேபோல்தான் ஆணியால் கீறிய பெயரும், இலை காயும்வரை போகாது. கேட்டருகே உள்ள தாய்ச்செடியில் அப்படி நிறையப் பெயர்கள் இருக்கின்றன. உங்களில் இங்கே படித்தவர்கள் சிலருடையதும் இருக்கலாம், நான் விசாரிக்கப் போவதில்லை. தண்டு காய்ந்ததும் ஆள் வைத்து இறக்கிவிடுவோம். அதுவரை அதன் அடியில் வண்டி நிறுத்த வேண்டாம்.

கன்று வேண்டாம் என்பவர்களும் முள்ளில்லாத வகை வேண்டும் என்பவர்களும் வியாழக்கிழமைக்குள் பிள்ளையின் டைரியில் எழுதி அனுப்புங்கள். எடுத்துவர ஒரு பழைய சாக்குப்பையும் கொடுத்துவிடுங்கள், பிளாஸ்டிக் பை கிழிந்துவிடும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்