பூச்சி மாத்திரை பிள்ளைகளுக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்கள் பற்றி உங்கள் இதழில் நடக்கும் விவாதத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கடி, வெறிநோய், கருத்தடை, காப்பகம் என எல்லாம் பேசியாகிவிட்டது. நாயின் குடலுக்குள் இருப்பதைப் பற்றி மட்டும் யாரும் பேசக் காணோம். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், கருத்தடை, தடுப்பூசி இரண்டோடு குடற்புழு நீக்கமும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த மூன்றாவது வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் 1 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். 2015இல் சில மாநிலங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் பரவிய அருமையான திட்டம் அது. ஆனால் பிள்ளையின் வயிற்றுப் பூச்சி இன்னொரு மனிதரிடமிருந்துதான் வந்திருக்கும் என்ற எண்ணத்தில்தான் அது ஓடுகிறது. குடலில் கவ்விக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவைப் பொறுத்தவரை இது முழுக்கச் சரியில்லை.

கொக்கிப்புழுவின் முட்டையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெல்லிய ஓடு, நீள்வட்ட வடிவம், உள்ளே நாலைந்து செல்கள், அவ்வளவுதான். மனிதருக்கே உரிய நெகேட்டர் இனத்தின் முட்டையோ, நாய்க் கொக்கிப்புழுவின் முட்டையோ, கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மருத்துவமனை அறிக்கையில் ‘கொக்கிப்புழு முட்டை உள்ளது’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. எந்த இனம் என்று தெரிய வேண்டுமானால் மலத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை செய்ய வேண்டும்.

அப்படிச் செய்யத் தொடங்கிய பிறகுதான் ‘ஆன்சைலோஸ்டோமா சிலானிகம்’ என்ற இனத்தின் முழு உருவம் வெளியே வந்தது. 1911இல் லூஸ் என்ற ஆய்வாளர் இலங்கையில் ஒரு புனுகுப் பூனையின் குடலில் கண்டு பெயரிட்ட புழு இது. நாய், பூனை, மனிதர் மூவரின் குடலிலும் வளர்ந்து முட்டையிடும். மற்ற நாய்க் கொக்கிப்புழுக்கள் பெரும்பாலும் மனிதத் தோலுக்குள் ஊர்ந்து அரிப்பைத் தருவதோடு நின்றுவிடுபவை. இது அப்படியல்ல. பல காலம் இதை வேறோர் இனத்தோடு போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களின் நாய்களில் முதலில் ‘பிரேசிலியன்ஸ்’ என்று சொல்லப்பட்ட புழு உண்மையில் சிலானிகம்தான் என்று 2007இல் மரபணுச் சோதனை திருத்தியது. கம்போடியக் கிராமம் ஒன்றில் 2012இல் பார்த்தபோது, கொக்கிப்புழு இருந்த மனிதரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இந்த நாய்ப் புழு இருந்தது.

நம் ஊர் நிலவரம் என்ன? ஜவ்வாது மலையில் மனிதர் மலம், நாய் மலம், மண் மூன்றையும் சேர்த்து மரபணு முறையில் சோதித்து 2016இல் ஆய்வு வெளியானது. மனிதரிடம் இருந்தது பெரும்பாலும் நெகேட்டர்தான். ஆனால் நாய்களிடமும் மண்ணிலும் சிலானிகம் இருந்தது. எனக்குக் கவலை தருவது இதுதான். மனிதருக்குள் பரவக்கூடிய புழு, பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கும் மண் வரைக்கும் வந்துவிட்டது. பள்ளியில் தரும் மாத்திரை அந்த மண்ணை ஒன்றும் செய்யாது.

நாய்க்குட்டிகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஒரு மாதக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், ‘சாப்பிட மாட்டேங்குது, சோர்ந்து கிடக்குது’ என்பார்கள். உதட்டை விலக்கினால் ஈறு சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுத்திருக்கும். மலம் தார் நிறத்தில் போகும். நாய்களில் அதிகம் காணப்படும் கேனைனம் என்ற கொக்கிப்புழு தாய்ப்பாலோடே குட்டிக்குள் போய்விடும். அந்தக் குட்டியோடுதான் வீட்டுப் பிள்ளைகள் முற்றத்தில் புரண்டு விளையாடுகிறார்கள். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்தால் தீர்ந்துபோகும் சங்கதி இது. பால் கறக்கும் மாட்டைத் தவறாமல் மருந்தகத்துக்கு ஓட்டிவரும் வீட்டிலேயே, நாய்க்கும் பூச்சி மருந்து உண்டு என்பது தெரிவதில்லை. நாங்களும் எடுத்துச் சொன்னது போதாது.

சரி, எல்லா நாய்க்கும் மருந்தை அள்ளிப் போட்டுவிடலாமா? கூடாது. அமெரிக்காவில் பந்தய நாய்களுக்கு ஓயாமல் மருந்து கொடுத்ததில், பல மருந்துக்கும் அசையாத கொக்கிப்புழுக்கள் உருவாகிவிட்டன. பீட்டா டியூபுலின் என்ற மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறினாலே அல்பெண்டசோல் குடும்பத்து மருந்துகள் வேலை செய்யாமல் போகலாம். நாய்க்குத் தரும் பென்பெண்டசோலும் அதே குடும்பம்தான். ஒரே புழு நாயிலும் மனிதரிலும் வாழ்கிற இடத்தில், நாயிடம் உருவாகும் எதிர்ப்பு நாளை பிள்ளையின் வயிற்றுக்கும் வந்து சேரும். ஆகவே மருந்துக்கு முன்னும் பின்னும் நாய் மலத்திலுள்ள புழு முட்டைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அதைக் கொண்டே எந்த மருந்து, எத்தனை முறை என்று முடிவு செய்ய வேண்டும். கருத்தடைக்குப் பிடித்த அன்று ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுக் கணக்கில் ஏற்றுவது போதாது. அந்த நாய் அதே மண்ணுக்குத் திரும்பிச் சில வாரங்களில் அதன் மலத்தில் மறுபடி புழு முட்டைகள் வரத் தொடங்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாயை அடித்து விரட்டக் கிளம்பிவிடக் கூடாது. நாயைக் கட்டிப்பிடிப்பதால் கொக்கிப்புழு வருவதில்லை. ஈரமண்ணில் முட்டை பொரிந்து, ஒரு வாரம்போல வளர்ந்த புழுக்குஞ்சுதான் தோல் வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே போகிறது. நாய் மலத்தை அன்றன்றைக்கு அள்ளிப் புதைத்தாலே பாதி வழி அடைபடும்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. பள்ளியில் மாத்திரை தரும் அதே வாரத்தில் அந்த ஊர் நாய்களையும் குட்டிகளையும் கால்நடைத் துறை பார்க்கட்டும். மனிதர் மலமும் நாய் மலமும் ஒரே ஆய்வகத்துக்கு, ஒரே பி.சி.ஆர். சோதனைக்குப் போகட்டும். இப்போது சுகாதாரத் துறை ஒரு பக்கமும் கால்நடைத் துறை ஒரு பக்கமுமாகத் தனித்தனிப் பதிவேடு வைத்திருக்கின்றன. முதலில் ஜவ்வாது மலையில் தொடங்கலாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய முடிவுகள் அங்கேதான் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்,
திருவண்ணாமலை மாவட்டம்